மண்ணுக்கு அடியில் ஒரு நீண்ட ஷிப்டு

கனடாவின் கிழக்குக் கரையில், நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் இருக்கிறது ஸ்பிரிங்ஹில். நிலக்கரியால் பிழைத்த ஊர். அதே நிலக்கரிக்காக 1891இல் ஒரு வெடிவிபத்தில் 125 பேரையும், 1956இல் இன்னொன்றில் 39 பேரையும் பறிகொடுத்த ஊர். 1958 அக்டோபர் 23, வியாழக்கிழமை இரவு எட்டு மணி தாண்டிச் சில நிமிடங்களில் அந்த ஊரே அதிர்ந்தது. இரண்டாம் எண் சுரங்கத்தில், மேலே அழுத்தும் பாறையின் பாரம் தாங்காமல் நிலக்கரி அடுக்கு திடீரெனச் சிதறியது. தரை கூரையை நோக்கி எழும்பியது. அப்போது உள்ளே 174 பேர் இருந்தார்கள். மறுநாள் விடிவதற்குள் ஏறக்குறைய எண்பது பேரை மேலே கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு சில நாட்கள் வந்தவை எல்லாம் சடலங்கள்.

ஆறாம் நாள், உடைந்த காற்றுக் குழாய் ஒன்றின் வழியே மீட்புப் பணியாளர்களுக்கு ஒரு குரல் கேட்டது. பன்னிரண்டு பேர் உயிரோடு இருந்தார்கள். அவர்களை வெளியே கொண்டுவந்த பிறகு, நவம்பர் 1 அன்று இன்னொரு மூலையில் மேலும் ஏழு பேர் கிடைத்தார்கள். இறந்தவர்கள் 75 பேர்.

சுரங்க வரலாற்றில் இதைவிடப் பெரிய சாவுகள் உண்டு. ஸ்பிரிங்ஹில் தனித்து நிற்பதற்குக் காரணம் வேறு. பிழைத்து வந்த அந்த 19 பேரிடமும் உளவியலாளர் ஹெச். டி. பீச், சமூகவியலாளர் ரெக்ஸ் லூகாஸ் ஆகியோரின் குழு விரிவாகப் பேசியது. உள்ளே யார் என்ன செய்தார்கள், யார் சொன்னதை யார் கேட்டார்கள், எப்போது நம்பிக்கை போனது, எது அதைத் திரும்பக் கொண்டுவந்தது என்று நாள் நாளாகக் கேட்டு எழுதினார்கள். 1960இல் அந்த அறிக்கை வெளிவந்தது. மண்ணுக்குள் அடைபட்ட மனிதர்களின் மனத்தையும் அவர்களுக்குள் உருவாகும் சின்னஞ்சிறு சமூகத்தையும் பற்றிய முன்னோடி ஆய்வுகளில் அது ஒன்று.

அவர்கள் கண்ட முக்கியமான செய்தி இது: உள்ளே இரண்டு காலங்கள் இருந்தன. முதல் சில நாட்கள் தப்பிக்கும் காலம். இடிபாட்டைத் தோண்டுவது, இடுக்குகளில் தவழ்ந்து வழி தேடுவது, குழாய்களைத் தட்டிப் பார்ப்பது என்று எல்லோருக்கும் கைநிறைய வேலை இருந்தது. அப்போது தலைமை தாங்கியவர்கள் துடிப்பானவர்கள், நேரடியாகப் பேசுபவர்கள், பிறர் மனம் நோகுமே என்று தயங்காதவர்கள். எல்லா வழியும் அடைபட்டிருக்கிறது என்று தெரிந்தபோது இரண்டாவது காலம் தொடங்கியது. இனி காத்திருக்க மட்டுமே முடியும். தோண்டுவதில் முன்னால் நின்றவர்கள் இந்தக் கட்டத்தில் பின்னுக்குப் போனார்கள். பக்கத்தில் இருப்பவனின் குரல் தளர்வதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள், பேச்சுக் கொடுக்கத் தெரிந்தவர்கள், ஒருவன் உடைந்து அழும்போது மற்றவர்களையும் அந்த அழுகை இழுத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டவர்கள் முன்னுக்கு வந்தார்கள். யாரும் கூடிப் பேசி இந்த மாற்றத்தை முடிவு செய்யவில்லை. சூழல் கேட்டது, ஆள் மாறியது.

ஏழு பேர் கொண்ட குழுவில் அப்படி முன்னுக்கு வந்தவர் மாரிஸ் ரடிக். கறுப்பினத்தவர், நல்ல பாடகர். தன் காலில் அடிபட்டிருந்தும் அந்த இருட்டில் அவர் பாடினார், மற்றவர்களையும் பாட வைத்தார். தலைவிளக்குகளின் மின்கலம் தீர்ந்துபோன பிறகு, முகம் தெரியாத அந்தப் பொந்தில் குரல் ஒன்றுதான் துணை. அவர்களில் ஒருவருக்கு அங்கேயே 29ஆவது பிறந்தநாள் வந்தது. மிச்சமிருந்த ஒரே சாண்ட்விச்சைப் பங்கிட்டார்கள். ரடிக் பிறந்தநாள் பாட்டைத் தொடங்கிவைத்தார்.

இதை மட்டும் சொன்னால் அது பாதிக் கதை. உள்ளே மாட்டிக்கொண்டவர்களில் ஒருவருடைய கை மரச் சட்டங்களுக்கு நடுவே நசுங்கிச் சிக்கியிருந்தது. கையை வெட்டிவிடுங்கள் என்று அவர் தோழர்களிடம் கெஞ்சினார். வெட்டினால் இரத்தம் போயே இறந்துவிடுவார் என்ற பயம். யாருக்கும் கை வரவில்லை. அவருடைய முனகலைக் கேட்டுக்கொண்டே மற்றவர்கள் நாட்களைக் கடத்தினார்கள். பிறகு அந்தக் குரலும் அடங்கியது. குடிநீர் தீர்ந்த பிறகு சிறுநீரைக் குடிக்கலாமா என்ற பேச்சு எழுந்தது. தனியொருவனாக அருவருத்து ஒதுங்கியதை, குழுவாகப் பேசிப் பேசி, செய்யத் தகுந்தது என்று அவர்கள் ஏற்றுக்கொண்ட விதத்தை லூகாஸ் கூர்ந்து பதிவு செய்திருக்கிறார். தாகம் உடலைச் சேர்ந்ததுதான். ஆனால் எதைக் குடிக்கலாம் என்ற அனுமதி சமூகத்திடமிருந்துதான் வரவேண்டியிருந்தது, அந்தச் சமூகத்தில் ஆறேழு பேரே இருந்தபோதும்.

ஆய்வாளர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே தொழிலாளர்கள் இதையெல்லாம் தங்கள் உடம்பால் அறிந்திருந்தார்கள். 1877 ஏப்ரலில் வேல்ஸின் ரோண்டா பள்ளத்தாக்கில் டைன்யுவித் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து 14 பேர் சிக்கினார்கள். நீர்மட்டத்துக்கு மேல் அடைபட்ட காற்றில் இருந்துகொண்டு பாறையைத் தட்டினார்கள். தோத்திரப் பாடல்கள் பாடினார்கள். தட்டும் ஓசை வந்த திசையில் வெளியிலிருந்து தோண்டினார்கள். ஒரு குழுவை எட்டியபோது அழுத்தத்தில் இருந்த காற்று துளை வழியே பீறிட்டு, உள்ளே இருந்த ஒருவரைக் கொன்றது. சுமார் பத்து நாள் கழித்துக் கடைசி ஐவர் மீட்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவன் சிறுவன். ஐந்து பேர் பிழைக்கவில்லை. கடலில் உயிர் காப்பவர்களுக்கு மட்டுமே தரப்பட்டுவந்த ஆல்பர்ட் பதக்கத்தை நிலத்திலும் தரலாம் என்று விக்டோரியா மகாராணி விரிவுபடுத்தியது அந்த மீட்புக்குப் பிறகுதான்.

1909 நவம்பரில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் செர்ரி நிலக்கரிச் சுரங்கம் தீப்பிடித்தது. 259 பேர் இறந்தார்கள். வழி அடைபட்ட ஒரு குழு, புகையும் நச்சுக் காற்றும் வராதபடி தங்களுக்கு முன்னால் சுவர் எழுப்பிக்கொண்டது. நிலக்கரியிலிருந்து கசியும் நீரைக் குழி தோண்டிச் சேர்த்து, முறைவைத்துக் குடித்தார்கள். வீட்டுக்குக் கடிதம் எழுதினார்கள். எட்டாம் நாள் 21 பேர் வெளியே வந்தார்கள். சுவர், நீர்க்குழி, குடிக்கும் முறை என்று அவர்கள் செய்தவை அனைத்தும் கூடி வேலை செய்து பழகியவர்களின் காரியங்கள்.

அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1906 மார்ச் 10 அன்று, வட பிரான்ஸின் கூரியேர் சுரங்கத்தில் நடந்த வெடிப்பில் 1,099 பேர் மாண்டார்கள். இனி யாரும் உயிரோடிருக்க வாய்ப்பில்லை என்று சில நாட்களில் தேடுதலை நிறுத்திவிட்டார்கள். மார்ச் 30 அன்று 13 பேர் தாங்களாகவே இருட்டில் வழி கண்டுபிடித்து வந்து நின்றார்கள். லாயத்துக் குதிரைகளுக்கு வைத்திருந்த ஓட்ஸையும் குதிரை இறைச்சியையும் தின்று இருபது நாள் அலைந்திருக்கிறார்கள். தங்களைத் தேடி யாரும் வருவதாக அவர்களுக்கு எந்த அடையாளமும் கிடைக்கவில்லை. ஆகவே தேடுவதையே தங்கள் வேலையாக்கிக்கொண்டார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஒரு பெரிய மாற்றம் வந்தது. 1955இல் ஜெர்மனியின் டால்புஷ் சுரங்கத்தில் மூவரை மீட்க, துளைக்குள் இறங்கும் ஒல்லியான இரும்புக் கூண்டு ஒன்றைச் செய்தார்கள். 1963இல் லெங்கெடே இரும்புத்தாதுச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து, பழைய, கைவிடப்பட்ட குடைவு ஒன்றில் 21 பேர் ஒதுங்கினார்கள். கூரையிலிருந்து பாறை விழுந்து விழுந்து பத்துப் பேர் அங்கேயே இறந்தார்கள். மற்றவர்கள் அந்த உடல்களுக்குப் பக்கத்தில், இருட்டில் கிடந்தார்கள். பத்தாம் நாள் மேலிருந்து இறங்கிய சோதனைத் துளை அவர்களை எட்டியது. பதினான்காம் நாள், நவம்பர் 7 அன்று, அதே வகைக் கூண்டில் 11 பேரும் மேலே வந்தார்கள். உணவும் ஒளியும் குரலும் குழாய் வழியே முன்கூட்டியே இறங்கியதால், காத்திருத்தல் என்பதே உருமாறிவிட்டது. அதுவரை உள்ளே இருந்தவர்களின் மனத்தை அவர்கள் மட்டுமே தாங்கினார்கள். இனி மேலே இருப்பவர்களும் அதில் கைவைக்க முடியும்.

1989 நவம்பரில் வங்காளத்தின் ராணிகஞ்ச் பகுதியில் மகாவீர் நிலக்கரிச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்தபோது, அந்தக் கூண்டு உத்தி இந்தியாவில் அரங்கேறியது. ஆறு பேர் மூழ்கி இறந்தார்கள். 65 பேர் சிக்கியிருந்தார்கள். அவசரமாகச் செய்த கூண்டில் பொறியாளர் ஜஸ்வந்த் சிங் கில் தானே உள்ளே இறங்கினார். கூண்டில் ஒரு முறைக்கு ஓர் ஆள்தான் ஏற முடியும். அறுபத்தைந்து பேர் முண்டியடித்தால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். காயம்பட்டவர்களை முதலில் அனுப்பினார்; கடைசி ஆளும் போகும்வரை தாம் கீழேயே நின்றார். மேலிருந்து வந்த ஒருவர் தங்களோடு தங்கியிருப்பதைப் பார்ப்பதே வரிசையைக் காத்தது.

இந்த நீண்ட அனுபவம் எல்லாம் ஒரே இடத்தில் சோதிக்கப்பட்டது 2010இல். சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் கொப்பியாப்போ நகருக்கு அருகே சான் ஹோசே செம்பு, தங்கச் சுரங்கம். ஆகஸ்ட் 5 அன்று மலை உள்ளுக்குள் இடிந்து 33 பேர் ஏறக்குறைய 700 மீட்டர் ஆழத்தில் சிக்கினார்கள். முப்பத்திரண்டு பேர் சிலி நாட்டவர்; ஒருவர் பொலிவியர். இளையவருக்கு 19 வயது, மூத்தவருக்கு 63. அவர்களுடைய புகலறையில் இருந்த உணவு இரண்டு மூன்று நாட்களுக்கே போதுமானது. முதல் இரவே சிலர் பசி தாங்காமல் உணவுப் பெட்டியை உடைத்து பிஸ்கட்டை எடுத்துத் தின்றுவிட்டார்கள்.

ஷிப்டுப் பொறுப்பாளர் லூயிஸ் உர்சுவா தமது வெள்ளை ஹெல்மெட்டைக் கழற்றிவைத்துவிட்டு, இனி இங்கே முதலாளி, தொழிலாளி இல்லை, எல்லோரும் சமம் என்றார். சிலருக்கு அது பொறுப்பைக் கைகழுவியதுபோலத் தோன்றியது. ஆனால் அந்த வெற்றிடத்தில் வேறு ஆட்கள் எழுந்தார்கள். மாரியோ செபுல்வேதா உணவைப் பங்கிட்டார். ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை, ஆளுக்கு ஒரு கரண்டி டின் மீன். ஹோசே என்ரிக்கேஸ் பிரார்த்தனையை நடத்தினார். அந்தப் பிரார்த்தனை வேளையில் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் உருவானது. விக்டர் செகோவியா நாட்குறிப்பு எழுதினார். யோன்னி பார்ரியோஸ் தமக்குத் தெரிந்த வைத்தியத்தைப் பார்த்தார். முடிவுகளை ஓட்டெடுத்து எடுத்தார்கள்: பதினாறும் ஒன்றும் சேர்ந்தால் பெரும்பான்மை. ஸ்பிரிங்ஹில்லின் ஆய்வை அவர்களில் யாரும் படித்திருக்க வாய்ப்பில்லை. இருந்தாலும் அங்கே நடந்ததே இங்கேயும் நடந்தது. பதவி தந்த தலைமை ஒதுங்கி, தேவை தந்த தலைமைகள் பல முளைத்தன.

முப்பது டிகிரிக்கு மேல் வெப்பம், ஈரப்பதம், இயந்திரங்களுக்காக வைத்திருந்த எண்ணெய் வாடை அடிக்கும் தண்ணீர். இவற்றைவிடக் கொடியது துளையிடும் இயந்திரத்தின் ஓசை. பாறைக்குள் அது நெருங்கி வருவது கேட்கும். எல்லோரும் எழுந்து நிற்பார்கள். பிறகு அது திசை மாறி விலகிப் போகும். அப்படி ஒரு துளை அருகிலேயே தவறிப்போன பிறகு, சிலர் வீட்டுக்கு விடைபெறும் கடிதம் எழுதினார்கள். பதினேழாம் நாள், ஆகஸ்ட் 22 காலையில் துரப்பண முனை உள்ளே நுழைந்தது. அதன்மேல் வண்ணம் பூசி, சீட்டுகளைக் கட்டி அனுப்பினார்கள். முப்பத்து மூன்று பேரும் புகலறையில் நலமாக இருக்கிறோம் என்று சிவப்பு எழுத்தில் வந்த அந்தச் சீட்டை அதிபர் பின்யேரா உலகத்துக்குக் காட்டினார்.

வெளியே பலருக்கும் கதை அங்கேயே முடிந்ததுபோல இருந்தது. உள்ளே இருந்தவர்களுக்கு இன்னும் ஐம்பது நாளுக்கு மேல் பாக்கி இருந்தது. புறா என்று பெயரிட்ட சிறு குழாய்க் கலங்களில் மருந்தும் சோறும் கடிதமும் இறங்கின. மூன்று குழுக்களாகப் பிரிந்து, எட்டு மணி நேர ஷிப்டு போட்டு, துளையிலிருந்து கொட்டும் கல்லையும் சேற்றையும் அள்ளினார்கள். மீட்புக்கு அந்த வேலை உண்மையிலேயே தேவைப்பட்டது. நாளுக்கு ஒரு காலையும் மாலையும் கிடைக்கவும் அதுவே உதவியது. எடிசன் பேன்யா சுரங்கப் பாதையில் தினமும் ஓடினார்.

அதே சமயம் மேலே இருந்தவர்களுக்கும் கீழே இருந்தவர்களுக்கும் இடையே பூசல் வெடித்தது. குடும்பத்தார் எழுதிய கடிதங்களை உளவியலாளர்கள் முதலில் படித்துப் பார்த்தே அனுப்பினார்கள். சில கடிதங்கள் தாமதமாயின. மீட்புக்குப் பல மாதம் ஆகலாம் என்பதை முதலில் வெளிப்படையாகச் சொல்லத் தயங்கினார்கள். சிகரெட்டுக்கும் கட்டுப்பாடு இருந்தது. தொழிலாளர்கள் கொதித்தார்கள். பதினேழு நாள் தங்களைத் தாங்களே நடத்திக்கொண்டவர்கள், இப்போது குழந்தைகளைப்போல நடத்தப்படுவதாக உணர்ந்தார்கள். விண்வெளியில் மாதக்கணக்கில் தனித்திருப்பவர்களைப் பற்றி அறிந்த நாசா நிபுணர்கள் நால்வர் சிலிக்கு வந்தபோது தந்த ஆலோசனைகளில் ஒன்று எளியது: அவர்களிடம் உண்மையைச் சொல்லுங்கள், நிறைவேற்ற முடியாத வாக்குறுதி தராதீர்கள்.

அறுபத்தொன்பதாம் நாள், அக்டோபர் 13 அன்று, 54 சென்டிமீட்டர் அகலமுள்ள ஃபீனிக்ஸ் கூண்டு அவர்களை ஒவ்வொருவராக மேலே கொண்டுவந்தது. தொழிலாளர்களில் கடைசியாக வந்தவர் உர்சுவா.

உத்தராகண்டின் சில்கியாராவில் 2023 நவம்பர் 12, தீபாவளி நாளன்று அதிகாலையில் நடந்தது சற்று வேறு வகை: இடிந்தது, தோண்டிக்கொண்டிருந்த ஒரு சாலைச் சுரங்கப்பாதை. 41 தொழிலாளர்களுக்குப் பின்னால் சுமார் இரண்டு கிலோமீட்டர் தோண்டிய சுரங்கப்பாதை இருந்தது, மின்விளக்கு எரிந்தது. வாசலுக்கும் அவர்களுக்கும் நடுவே சுமார் 60 மீட்டர் இடிபாடு. நீரிறைக்கப் போட்டிருந்த நான்கு அங்குலக் குழாய் வழியே காற்றும் பொரியும் கடலையும் போயின. நவம்பர் 20 அன்று ஆறு அங்குலக் குழாய் போய்ச் சேர்ந்த பிறகுதான் பாட்டிலில் அடைத்த கிச்சடி, சூடான சாப்பாடு. மறுநாள் கேமரா வழியே அவர்கள் முகத்தை வீட்டார் பார்த்தார்கள்.

பதினைந்து பேர் ஜார்க்கண்டிலிருந்து. மற்றவர்கள் உத்தரப் பிரதேசம், பீகார், ஒடிசா, வங்காளம், அசாம் என்று பல ஊர்க்காரர்கள். மேற்பார்வையாளர் கப்பர் சிங் நேகி அவர்களுக்கு யோகா சொல்லிக்கொடுத்தார். எல்லோரையும் அனுப்பிவிட்டுக் கடைசியில்தான் வருவேன் என்றார். சீட்டு, ராஜா மந்திரி திருடன் சிப்பாய் விளையாட்டு, சுரங்கத்துக்குள் நீண்ட நடை, ஜியோடெக்ஸ்டைல் விரிப்புகளில் உறக்கம். மனநல மருத்துவர்கள் குழாய் வழியே தினமும் பேசினார்கள். தொழிலாளர்களின் வீட்டாரும் பேசினார்கள். அமெரிக்கத் துளை இயந்திரம் உடைந்து நின்ற பிறகு, எலிவளைபோலக் குறுகிய துளைகளைக் குடைந்து பழகிய எலிவளைச் சுரங்கத் தொழிலாளர்கள் பன்னிரண்டு பேர் கையாலேயே கடைசிப் பகுதியைத் தோண்டினார்கள். நிலக்கரிக்காக அந்த முறையைப் பசுமைத் தீர்ப்பாயம் 2014இல் தடை செய்திருந்தது. நவம்பர் 28 அன்று 41 பேரும் வெளியே வந்தார்கள்.

ஸ்பிரிங்ஹில் முதல் சில்கியாரா வரை இந்த மனிதர்களைத் தாங்கியது எது? பலரும் தனிமனித வீரம் என்கிறார்கள். பதிவுகள் காட்டுவது வேறு. ஷிப்டு மாறும் நேரத்தைக் காப்பது, கொண்டுவந்த சோற்றைப் பகிர்வது, பக்கத்தில் நிற்பவன் பத்திரமாக இருக்கிறானா என்று திரும்பிப் பார்ப்பது போன்ற தொழில் பழக்கங்களையே அவர்கள் உள்ளே இறுகப் பற்றினார்கள். ஆபத்தான வேலை தினமும் கற்றுத்தந்த ஒழுங்கு, ஆபத்து வந்த நாளில் கைகொடுத்தது.

அந்த ஒழுங்கு வெளியே வந்ததும் கலைந்துபோவதுதான் கொடுமை. ஸ்பிரிங்ஹில் தொழிலாளர்களை அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் மார்வின் கிரிஃபின் ஜெக்கில் தீவுக்கு விருந்தினராக அழைத்தார். அவர்களில் ஒருவர் கறுப்பினத்தவர் என்று தெரிந்ததும், ரடிக் தனியே தங்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். தோழர்கள் அந்தப் பயணத்தை இழக்கக் கூடாதே என்று ரடிக் குடும்பத்தோடு போய், ஒதுக்கிய இடத்தில் தங்கினார். எட்டரை நாள் ஒரே இருட்டில், ஒரே பங்குத் தண்ணீரில் இருந்தவர்களை வெளிச்சம் தோல் நிறத்தால் பிரித்தது. சிலியில், கதையைச் சேர்ந்தே சொல்வோம், வருமானத்தைச் சமமாகப் பங்கிடுவோம் என்று உள்ளேயே ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். பின்னாளில் அதைச் சுற்றியே மனக்கசப்பு வளர்ந்தது. பலரை உறக்கமின்மையும் கெட்ட கனவுகளும் ஆண்டுக்கணக்கில் துரத்தின.

சான் ஹோசேயில் இடிவு நடந்த முதல் மணிநேரங்களில் சிலர் காற்றோட்டத் துளை வழியே ஏறித் தப்பிக்கப் பார்த்தார்கள். மேலே போகப் போக ஏணி இல்லை. 2007இல் ஒரு சாவுக்குப் பிறகு மூடப்பட்டு, மறுபடி திறக்க அனுமதிக்கப்பட்ட சுரங்கம் அது. மூன்றாண்டு விசாரணைக்குப் பின், 2013இல், யார்மீதும் குற்றம் சாட்டாமல் வழக்கை முடித்தார்கள். சில்கியாராவில் 2018இல் ஒப்புதல் பெற்ற திட்டத்திலேயே தப்பிக்கும் வழி ஒன்று இடம்பெற்றிருந்தது. இடிவு நடந்த நாளில் அது இல்லை. 41 பேர் 17 நாள் காட்டிய நிதானத்தைப் பாராட்டுகிற ஒவ்வொருவரும், அந்த வழி ஏன் தோண்டப்படவில்லை என்பதற்கான பதிலையும் கேட்டுப் பெற வேண்டும்.